மறுத்துப் பேசாத இசைக்குழு

இடது கையின் மூன்று விரல்களைக் கட்டைமேல் வைத்தால் எட்டுப் பேர் வாசிக்கத் தொடங்குகிறார்கள். தாளத்துக்கு இரண்டு பேர், பேஸுக்கு ஒருவர், கார்டு பிடிக்க இரண்டு பேர், பின்னால் நீண்டு நிற்கும் பேடுக்கு ஒருவர், இடையிடையே துணுக்கு வாசிக்க இரண்டு பேர். யமஹா அரேஞ்சர் கீபோர்டில் ஸ்டைல் என்ற பெயரில் தயாராக இருக்கும் ஒரு பின்னணிக்குள் உள்ள எட்டுத் தடங்கள் இவை. விரலை மாற்றினால் தாளக்காரர்கள் தவிர மற்ற ஆறு பேரும் அதே நொடியில் மாறுகிறார்கள். இங்கே எதற்கு மைனர் என்று ஒருவரும் கேட்பதில்லை. ஒருவருக்கும் டீ வேண்டாம். ராத்திரி இரண்டு மணிக்கும் முதல் தடவை வாசித்த அதே தெம்போடு வாசிக்கிறார்கள்.

இந்தக் கருவியை யுஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, ரெக்கார்டிங் மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டுப் போடுகிறவர்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அம்மன் பாட்டு, தேவாலயப் பாட்டு, குறும்படத்துக்குப் பின்னணி, தேர்தலுக்குப் பிரசாரப் பாட்டு எல்லாம் இதிலிருந்து வருகின்றன. நானும் பல வருடம் அந்த வேலையில் இருந்தவன். இதைத் திட்டியவர்கள் உண்டு, விற்பதற்காகப் புகழ்ந்தவர்களும் உண்டு. அதன் குணங்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளபடி புகழ்ந்தவர்களை நான் பார்த்ததில்லை. அந்தக் கடனை நான் தீர்க்கிறேன்.

முதலில் சொல்ல வேண்டியது, அது நம்மை எத்தனை தொல்லைகளிலிருந்து விடுவித்திருக்கிறது என்பது. சென்னையில் எல்லாக் கலைஞர்களும் ஒரே கூடத்தில் உட்கார்ந்து வாசித்துப் பாட்டுப் பதிவான காலம் ஒன்று இருந்தது. வயலின் வரிசை ஒரு பக்கம், தபேலாவும் டோலக்கும் மறுபக்கம், பாடுகிறவர் கண்ணாடி அறைக்குள். இசையமைப்பாளர் சொல்லச் சொல்ல ஒவ்வொருவரும் தன் நோட்ஸை எழுதிக்கொள்வார். ஒத்திகை முடிந்து டேக் போகும்போது சரணத்தின் கடைசி அடியில் ஒருவர் தவறினால், எல்லோரும் முதலிலிருந்து. அது மட்டுமா? தபேலாக்காரர், "அண்ணே, சரணத்துல நடையை மாத்திப் பார்ப்போமா?" என்பார். புல்லாங்குழல்காரர், "சார், இந்த இடத்துல மூச்சு எடுக்க இடமே இல்ல" என்பார். அவர் மூச்சு எடுப்பதற்காக மெட்டில் ஒரு இடைவெளி விட வேண்டிவரும். விட்ட இடைவெளி வெறுமையாக நிற்கிறதே என்று அங்கே வயலினை நுழைக்க வேண்டிவரும். பாட்டு வெளியான பிறகு ஊரெல்லாம் அந்த வயலின் துணுக்கை முணுமுணுக்கும். ஒரு மனிதருடைய நுரையீரலின் அளவைப் பொறுத்து ஒரு பாட்டின் முகமே மாறிப்போகிற நிலை.

அரேஞ்சர் கீபோர்டின் புல்லாங்குழலுக்கு மூச்சு தேவையில்லை. எட்டு ஆவர்த்தனம் விரலை அழுத்திப் பிடித்தால் எட்டு ஆவர்த்தனமும் ஒரே நேர்க்கோடாக ஒலிக்கும். நம் மெட்டில் எங்கும் இடைவெளி விட வேண்டியதில்லை. நாமும் விடுவதில்லை.

இயந்திரம் தமிழ் இசைக்கூடத்துக்குப் புதிது ஒன்றுமில்லை. 1986-இல் புன்னகை மன்னன் படத்துக்காக இளையராஜா கணினி வழி இசையைக் கையாண்டார். 1992-இல் ரோஜா வந்தபோது, வீட்டோடு இருந்த ஒரு ஸ்டூடியோவில் சீக்வென்சரை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்று ஏ. ஆர். ரஹ்மான் காட்டினார். ஆனால் அந்த இயந்திரங்களிடம் ஒரு கஞ்சத்தனம் இருந்தது. என்ன கொடுத்தோமோ அதை மட்டுமே திருப்பிக் கொடுக்கும். ஒரு ஹை-ஹாட் தட்டு வேண்டுமென்றால் அது எங்கே, எவ்வளவு அழுத்தமாக, எத்தனை நீளம் என்று ஒவ்வொன்றையும் இவர்கள்தான் சொல்லியாக வேண்டும். மென்பொருளைத் தனியாகத் திறந்தாலும் இதே கதைதான். தடங்கள் எல்லாம் காலியாக இருக்கும், கர்சர் ஓரத்தில் நிற்கும், நாம் ஏதாவது நினைக்கும்வரை எதுவும் நடக்காது. அரேஞ்சர் கீபோர்டு அந்தக் காலித்திரையைப் பார்க்கும் வேதனையை ஒழித்துவிட்டது. நாம் நினைக்கத் தொடங்கும் முன்பே நிரம்பிவிடுகிறது.

இது எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் மரியாதை இன்னும் கூடும். ஒரு ஸ்டைலின் தடங்களைப் பெரும்பாலும் சி மேஜர் செவன்த் என்ற ஒரே கார்டில் வாசித்துப் பதிந்து வைத்திருக்கிறார்கள். நாம் இடது கையில் எந்தக் கார்டைப் பிடித்தாலும், அதற்கு ஏற்ப அந்தப் பதிவின் ஸ்வரங்களை இடம் மாற்றுவதற்கு உள்ளே விதிகள் உண்டு. பேஸுக்கு ஒரு விதி, மெட்டு வாசிக்கும் தடத்துக்கு ஒரு விதி, கிடாருக்கு வேறு. இவற்றைச் செய்தவர்கள் தேர்ந்த கலைஞர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த பேஸ் கிடாரின் பிடியும் தாளத்தின் ஒட்டும் காதுக்கு அவ்வளவு சுத்தம். ஒரு ஸ்டைலுக்குள் மூன்று இன்ட்ரோ, நான்கு மெயின், அந்த நான்குக்கும் இடைநிரப்பாக நான்கு ஃபில், ஒரு பிரேக், மூன்று எண்டிங் என்று பதினைந்து பகுதிகள். 2019-இல் வந்த பிஎஸ்ஆர்-எஸ்எக்ஸ்900 கருவியில் இப்படி 525 ஸ்டைல்கள். நாம் பிறக்கப்போவதாகக்கூட நினைக்காத மெட்டுக்கு, நம்மைக் கண்டிராத ஒருவர், வேறொரு தேசத்து அறையில் உட்கார்ந்து வாசித்து முடித்து எழுந்து போயிருக்கிறார். பாட்டின் மனநிலை என்ன, எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்ற கேள்விகளையெல்லாம் நமக்காக அவரே முடிவு செய்துவிட்டுப் போயிருக்கிறார். நமக்கு மிச்சம் வைத்திருப்பது மெயின் ஏ-யிலிருந்து பி-க்கு எப்போது போவது என்பது.

கணினியோடு இணைக்கும்போது இந்தத் தாராளம் கண்ணுக்கே தெரிகிறது. 1983-இல் வந்த மிடி என்ற ஏற்பாட்டில் ஒரு இணைப்புக்கு 16 சேனல்கள். யமஹா கருவிகளின் வழக்கமான அமைப்பில் 9 முதல் 16 வரை ஸ்டைலுக்கு. நம் கைகளுக்கும் மல்டி பேடுகளுக்கும் மற்ற எட்டு. கியூபேஸோ ரீப்பரோ கேக்வாக்கோ, எதையாவது திறந்து, எட்டுத் தடங்களைத் தயார் செய்து, கட்டையையும் ஒலியையும் கருவிக்குள்ளேயே இணைக்கும் லோக்கல் கன்ட்ரோலை அணைத்துவிட்டு, ரெக்கார்டு பொத்தானை அழுத்தி, நாலு நிமிடம் கார்டு மட்டும் பிடித்தால் போதும். நிறுத்திப் பார்க்கும்போது எட்டு வரிசையிலும் வண்ணப் பட்டைகள் அடைத்துக்கொண்டு நிற்கும். இன்ட்ரோ இருக்கிறது, இன்டர்லூடுக்கு இடம் இருக்கிறது, முடிவு இருக்கிறது. பாட்டு முக்கால்வாசி முடிந்துவிட்டது. மெட்டு மட்டும் இன்னும் வரவில்லை.

மெட்டும் சிரமமில்லாமல் வருகிறது. நாலு பாருக்கு ஒருமுறை கார்டு மாறுவதாக ஏற்கெனவே வாசித்திருப்பதால் மெட்டும் நாலு பாருக்கு ஒருமுறை திரும்பிக்கொள்கிறது. பாட்டு எழுதுகிறவர் ஒரு சீர் கூடுதலாக எழுதி வந்தால், "அங்க ஃபில் வருது, அதுக்குள்ள முடிச்சிருங்க" என்று சொன்னால் புரிந்துகொள்கிறார். முன்பெல்லாம் வரி நீண்டால் மெட்டு நீளும். மெட்டு நீண்டால் தாளத்தில் அரை ஆவர்த்தனம் கூட்டி வாசிப்பார்கள். கேட்கிறவருக்கு அந்த இடம் ஒரு சின்னத் தடுமாற்றம்போல இருந்து, பிறகு அதுவே அந்தப் பாட்டின் அழகாகிவிடும். இப்போது அப்படிப்பட்ட தடுமாற்றங்கள் இல்லை. எல்லாப் பல்லவியும் எட்டு பாரில் முடிகிறது.

ராக விஷயத்தில் அதன் பெருந்தன்மையை ஒரே உதாரணத்தில் காட்டிவிடலாம். ஒரு கட்டையில், அதாவது சி-யை ஸட்ஜமாக வைத்து, ஹிந்தோளத்தில் ஒரு மெட்டு. ஸ க ம த நி, அவ்வளவுதான். ரிஷபம் கிடையாது, பஞ்சமம் கிடையாது. பஞ்சமம் இல்லாததால் வருகிற ஒரு தவிப்புதான் அந்த ராகத்தின் உயிர். மெட்டு மைனர்போலக் கேட்கிறதே என்று இடது கையில் சி மைனர் பிடிக்கிறோம். சி மைனரின் மூன்றாவது ஸ்வரம் ஜி. அதுதான் பஞ்சமம். பேஸ் கிடார் ஒன்றும் ஐந்துமாக நடை போடும் ஸ்டைலாக இருந்தால், ஒவ்வொரு பாரிலும் அழுத்தமாகப் பஞ்சமத்தை வாசிக்கும். பாடுகிறவர் மத்தியமத்திலிருந்து தைவதத்துக்கு, நடுவில் இருப்பதைத் தொடாமல் தாவுகிறார். அவர் தொடாமல் விட்டதைக் கீழே பேஸ் எடுத்துப் பத்திரமாக வைக்கிறது. ராகம் விட்டுவிட்ட ஸ்வரத்தைக்கூட விட்டுவிட மனம் வராத கருவி.

வழி இல்லாமல் இல்லை. எஃப் மைனரின் மூன்று ஸ்வரங்களும், ம த ஸ, ஹிந்தோளத்துக்குள்ளேயே இருக்கின்றன. ஏ ஃப்ளாட் மேஜர் என்றால் த ஸ க, அதுவும் உள்ளேதான். ஃபிங்கர்டு ஆன் பேஸ் என்ற முறையைத் தேர்ந்தெடுத்து எஃப் மைனரைப் பிடித்து, அடிச்சுரத்தை மட்டும் சி-யிலேயே நிறுத்தலாம். துணுக்கு வாசிக்கிற இரண்டு தடங்களில் வெளிச்சுரம் எட்டிப் பார்த்தால் அவற்றை அணைத்துவிடலாம். நம் திரை இசையில் ராகத்தின் முகம் கெடாமல் கார்டு போட்டவர்கள் இந்தக் கணக்கை ஒவ்வொரு பாட்டிலும் போட்டார்கள். அதற்குக் கார்டும் தெரிய வேண்டும், ராகமும் தெரிய வேண்டும், இரண்டையும் ஒரு மாலை முழுக்க எதிரெதிரே வைத்துப் பார்க்கும் பொறுமையும் வேண்டும். கருவி இதில் எதையும் நம்மிடம் கேட்பதில்லை. சி மைனர் போதும் என்கிறது. நாமும் போதும் என்கிறோம்.

மென்பொருளின் கூர்மையைத் தனியாகப் புகழ வேண்டும். ரீப்பரும் கேக்வாக்கும் ஒரு கால் நோட்டை, அதாவது ஒரு அடியை, இயல்பாகவே 960 துண்டுகளாகப் பிரித்துப் பதிகின்றன. 120 வேகத்தில் ஒரு அடி அரை விநாடி. அப்படியானால் ஒரு துண்டு ஏறக்குறைய அரை மில்லி விநாடி. கோயில் திருவிழாவில் நையாண்டி மேளம் வாசிக்கிறவர் கைகளைக் கவனித்திருக்கிறேன். மூன்று மூன்றாகப் போகும் நடையில் இரண்டாவது தட்டு கடிகாரக் கணக்குக்குக் கொஞ்சம் முந்தியோ பிந்தியோதான் விழும். எவ்வளவு என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் ராத்திரி முழுக்க அதே அளவில் விழும். கால் தானாக ஆடுவது அந்தச் சரிவினால்தான். அந்தச் சரிவை அரை மில்லி விநாடி நுட்பத்தில் பிடித்து வைக்கக்கூடிய கருவி மனிதன் கையில் கிடைத்திருக்கிறது. பிடித்து வைத்தபின் நாம் எல்லாத் தட்டையும் தேர்ந்தெடுத்துக் குவான்டைஸ் கொடுக்கிறோம். 960 துண்டுகளில் எங்கெங்கோ கிடந்தவை எல்லாம் ஒழுங்காகக் கோட்டின்மேல் வந்து நிற்கின்றன. அழுத்தமும் அப்படித்தான். மிடியில் ஒரு தட்டின் அழுத்தத்தை 1 முதல் 127 வரை குறிக்க இடம் இருக்கிறது. பலர் எல்லாவற்றையும் நூறுக்குப் பக்கத்தில் சமப்படுத்திவிட்டு நிம்மதி அடைகிறார்கள்.

செய்ததை எல்லாம் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது மென்பொருள் தரும் இன்னொரு வரம். எந்த ஸ்வரத்தையும் எப்போது வேண்டுமானாலும் இழுத்து வைக்கலாம், ஒலியை மாற்றலாம், வேகத்தை மாற்றலாம். அதனால் இன்றைக்கு எதையும் முடிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. டேப்பில் பதிந்தவர்களுக்கு இந்தச் சுகம் இல்லை. பதியும் முன்பே முடிவு செய்தாக வேண்டிய நெருக்கடியில் அவர்கள் இருந்தார்கள். ஸ்டைலில் வந்த இன்ட்ரோவை இப்போதைக்கு வைத்துக்கொள்வோம், பிறகு நம்முடையதைப் போட்டுக்கொள்ளலாம் என்று நாம் வைக்கிறோம். பாட்டு வெளியாகும் நாளில் அதே இன்ட்ரோ போகிறது.

இதனால் ஊருக்குள் ஒரு ஒற்றுமையும் வந்திருக்கிறது. முருகன் பாட்டில் பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் இடத்தில் வந்த அதே ஒரு பார் ஃபில், அடுத்த தெருவில் கிறிஸ்துமஸ் பாட்டில் வருகிறது, மறுவாரம் வேட்பாளர் வண்டியில் வருகிறது. தெற்கே ஒருவர் போட்டதும் வடக்கே ஒருவர் போட்டதும் ஒரே கை வாசித்ததுபோல இருக்கின்றன. உண்மையிலேயே ஒரே கைதான். இந்தியாவுக்கென்றே பிஎஸ்ஆர்-ஐ வரிசையை வெளியிட்டு, தபேலாவும் தம்புராவும் நம்மூர் நடைகளும் சேர்த்துத் தந்திருக்கிறார்கள். யமஹா ஆலை ஒன்று 2019 முதல் சென்னைக்குப் பக்கத்திலேயே இயங்குகிறது. நம் தாளம் என்ன என்று நமக்கு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பையும் அந்தப் பெட்டி ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரும்பாலான ஸ்டைல்கள் நாலிலும் மூன்றிலும் ஆறிலும் இருப்பதால், கண்ட சாபுவும் மிஸ்ர சாபுவும் நம்மைத் தொந்தரவு செய்வது குறைந்துபோயிற்று.

செலவுக் கணக்கைச் சொல்லாமல் இந்தப் புகழ்ச்சி நிறைவடையாது. மெல்லிசைக் குழு என்றால் கீபோர்டு, கிடார், தபேலா, டோலக், டிரிபிள் காங்கோ, ரிதம் பேடு என்று ஒரு வேன் நிறைய ஆள் வருவார்கள். எல்லோருக்கும் சம்பளம், சாப்பாடு, படுக்க இடம். இன்று கல்யாண மண்டபத்துக்கு ஒரு கீபோர்டும் பாட இரண்டு பேரும் போதும். பணம் கொடுக்கிறவருக்கு இது மெய்யான உதவி. சின்ன ஊர்க் கோயில் கமிட்டியும், மாதச் சம்பளத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் செய்கிற தகப்பனும் என்ன செய்வார்கள்? அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. எனக்குத் தெரிந்த ஒரு டோலக் கலைஞர், கை வைத்தாலே கூட்டம் திரும்பிப் பார்க்கும் வாசிப்பு, இப்போது ஆட்டோ ஓட்டுகிறார். அவரைக் கூப்பிட்டு ஒரு பாட்டில் ஸ்டைலுக்கு மேலே வாசிக்க வைத்தோம். கிளிக் சத்தத்தைக் காதில் மாட்டிக்கொண்டு ஒழுங்காகத்தான் வாசித்தார். சரணத்தில் பாடகர் ஒரு சொல்லை இழுத்தபோது, அவரோடு சேர்ந்து இவரும் ஒரு இழை தாமதித்துத் தட்டினார். கேட்க உடம்பு சிலிர்த்தது. ஸ்டைலின் எட்டுப் பேரும் தாமதிக்கவில்லை. இரண்டும் முட்டிக்கொண்டன. கலவையில் யாரை வைப்பது, யாரை எடுப்பது என்ற கேள்வி வந்தபோது, எட்டுப் பேரை எடுத்தால் பாட்டே இல்லை என்பது தெரிந்தது. அவருடைய தடத்தை மியூட் செய்தோம். அவருக்குச் சம்பளம் குறைக்கவில்லை. பாட்டைக் கேட்டுவிட்டு, "நல்லா வந்திருக்குங்க" என்றார்.

கருவிமேல் பழி போட நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அது எந்தக் கதவையும் பூட்டி வைக்கவில்லை. பின்னணியை இயக்கும் ஏசிஎம்பி பொத்தானை அணைத்தால் தாளக்காரர்கள் தவிர மற்ற ஆறு பேரும் உடனே விலகிக்கொள்வார்கள். தடம் தடமாகவும் அணைக்கலாம். தாளத்தை மட்டும் வைத்துக்கொண்டு பேஸை நாமே இடது கையில் வாசித்து மென்பொருளில் பதியலாம். ஸ்டைல் கிரியேட்டரில் நம் ஊர் மேளக்காரர் வாசித்ததை நம் சொந்த ஸ்டைலாகவே செய்து வைக்கலாம். பிட்ச் பெண்ட் சக்கரம் வழக்கமாக இரண்டு அரைச்சுரத்துக்கு அமைந்திருக்கும். அதைக் கூட்டிக் குறைத்துப் பழகினால் கமகத்துக்கு ஓரளவு பக்கத்தில் போகலாம். ஸ்கேல் ட்யூனிங்கில் ஒரு ஸ்வரத்தை இம்மியளவு இறக்கலாம். குவான்டைஸைக்கூட முழுக்கக் கொடுக்காமல் பாதி அளவுக்குக் கொடுக்க மென்பொருளில் வசதி உண்டு. ஒரு நல்ல இசையமைப்பாளர் கேட்கக்கூடிய எல்லாவற்றையும் உள்ளே வைத்துவிட்டு, யாராவது கேட்பார்களா என்று அது காத்திருக்கிறது. கேட்காதவர்களுக்கும் மனம் கோணாமல் ஏ, பி, சி, டி வாசிக்கிறது.

அந்தப் பணிவைச் சொல்லாமல் முடிக்கக் கூடாது. இன்ட்ரோ அதனுடையது, தாளம் அதனுடையது, பேஸ் அதனுடையது, சரணத்துக்குப் போகும் திருப்பம் அதனுடையது, பாட்டு முடிகிற விதமும் அதனுடையது. ஆனாலும் வெளியீட்டு விழாவில் அது மேடை ஏறுவதில்லை, மாலை கேட்பதில்லை, பங்கு கேட்பதில்லை. அட்டையில் இசை என்று போட்டிருக்கும் சொல்லுக்குப் பக்கத்தில் முழு இடத்தையும் நம் பெயருக்கே விட்டுவிடுகிறது.